ரேவதிக்குக் கன்னம் வந்த கதை

1

போன செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மூட்டு நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். மருந்துப் பையை நான் நீட்டியதும் தன் இரண்டு கன்னங்களையும் கையால் பிடித்துக் காட்டி, "கொட்டையை அடக்கி வைத்திருக்கும் அணில் மாதிரி இல்லை?" என்று சிரித்தாள். இந்த ஊர்க்காரர்கள் தங்கள் கஷ்டத்தைச் சிரிப்பாகத்தான் சொல்வார்கள். கேட்கிறவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும், அதுதான் மரியாதை. என்னால் முடியவில்லை.

"இதைத் திடீரென்று நிறுத்திவிடாதே" என்றேன்.

"நிறுத்தினால்?"

"உடம்புக்கு ரொம்ப முடியாமல் போய்விடும்" என்று பாடப்புத்தகப் பதிலைச் சொல்லிவிட்டு, மருந்து அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நான் படித்ததோடு போகவில்லை, ஃபோனில் காதால் கேட்டிருக்கிறேன். என் அண்ணன் மகள் ரேவதியின் கல்யாண வரவேற்பு நடந்த மாலை அது. இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

2

இங்கிலாந்தின் வடக்கில், மழையும் செங்கல் வீடுகளுமாக இருக்கும் ஒரு சிறிய ஊரில் நான் பார்மசிஸ்ட். பிறந்தது ஆம்பூர். படித்தது வேலூர். என் கணவருக்கு இங்கே மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்ததால் வந்தோம். நம் ஊர்ப் பட்டம் இங்கே செல்லாது. மறுபடியும் ஒரு வருடம் படித்து, ஒரு வருடம் பயிற்சியில் இருந்து, தேர்வு எழுதித்தான் இந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். தேர்வைவிடக் கஷ்டம் பெயர்தான். ஒரு சான்றிதழில் 'மல்லிகா', இன்னொன்றில் ஒரு 'எல்' குறைவு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எத்தனையோ கடிதம் எழுதினேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கடையில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. 'மால்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கவுன்டரில் நிற்பவருக்கு எல்லா ஊரிலும் திட்டு உண்டு. இங்கே பல மாதமாக மருந்துத் தட்டுப்பாடு. வலிப்பு மாத்திரை இல்லை, தோலில் ஒட்டும் ஹார்மோன் பட்டை இல்லை என்று சொல்லும்போது, அதை நான்தான் ஒளித்து வைத்திருப்பதுபோல் பார்க்கிறார்கள். இப்போது நாட்டில் காற்று வேறு மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மனத்துக்குள் நினைத்துக்கொண்டதை இப்போது வாய்விட்டே சொல்கிறார்கள். 'எங்கிருந்து வந்தாயோ அங்கேயே போ' என்ற வாக்கியத்தை, ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் எழுபது வயதுக்காரரிடமிருந்து நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்டபடியே மாத்திரையைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் வேறு மாதிரி. 'மருந்துக்கடை அத்தை.' யாருக்குத் தலை வலித்தாலும் வாட்ஸாப்பில் ஒரு படம் வரும். நான் பதில் எழுதுவதற்குள் பக்கத்து மெடிக்கலில் எதையோ வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் செத்தார்கள் என்று செய்தி வரும் வாரம் மட்டும் பயப்படுவார்கள். அடுத்த வாரம் அதே மெடிக்கல், அதே அலமாரியில் அதே பாட்டில்.

3

அண்ணன் குமரேசன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ரேவதி அவருக்கு ஒரே பெண். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, அதே தொழிலில் வேறொரு கம்பெனியில் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏற்றுமதிக்குப் போகும் தோலில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. வெளிநாட்டுக்காரன் பாதத்துக்கு ஆகாதது எதுவும் ஷூவில் இருக்கக்கூடாது என்பதில் கம்பெனி கறாராக இருக்கும். அவளும்தான்.

கெட்டிக்காரப் பெண். ஒல்லி. பிறந்ததிலிருந்தே ஒல்லி. நோய் ஒன்றும் கிடையாது. ரெண்டு ஆள் சோறு சாப்பிடுவாள், உடம்பில் ஒட்டாது. இருபத்து மூன்று வயது வரைக்கும் அது ஒரு குறையாக யாருக்கும் தெரியவில்லை. பெண் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

திமிரியிலிருந்து வந்த வீட்டார் காபி குடித்துவிட்டு, "படிப்பெல்லாம் நல்லா கீது, உடம்புலதான் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அணைக்கட்டுப் பக்கம் நிலம் உள்ள குடும்பத்தில் ஒரு அம்மாள், ரேவதியின் மணிக்கட்டைத் தன் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் வளைத்துப் பிடித்து, விரல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கூட வந்தவர்களுக்குக் காட்டினாராம். ரேவதி அந்தக் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "இழுத்தா திமிர் புடிச்ச பொண்ணும்பாங்க அத்தை" என்று என்னிடம் சொன்னாள்.

அண்ணனுக்கு அவசரம் வேறு. அமெரிக்காக்காரன் வரி போட்டதிலிருந்து கம்பெனியில் ஆர்டர் குறைந்துவிட்டது. ஓவர்டைம் நின்றது. பிறகு வாரத்தில் சில நாள் லைனையே நிறுத்தினார்கள். வேலை கையில் இருக்கும்போதே பெண்ணை ஒரு இடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். அதில் எனக்குக் கோபமில்லை. அந்த வட்டாரத்தில் அப்பாக்கள் எல்லோரும் அந்த வருடம் அப்படித்தான் நினைத்தார்கள்.

தரகர்தான் வழி சொன்னாராம். "ஒண்ணும் பேஜார் வேணாம்மா. மெடிக்கல்ல சத்து மாத்திரை கேளுங்க. ரெண்டு மாசத்துல கன்னம் வெச்சிடும்."

4

நிச்சயதார்த்தத்தை நான் வீடியோ காலில்தான் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஜோலார்பேட்டை. மாப்பிள்ளை பிரசாந்துக்கு ரயில்வேயில் வேலை. அண்ணி ஃபோனை ரேவதியின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் வைத்தார்.

"பாரு மல்லிகா, உன் மருமகளைப் பாரு! எப்டி தேறிட்டா!"

பார்த்தேன். முகம் பௌர்ணமி நிலா மாதிரி வட்டம். கன்னத்தில் ஒரு சிவப்பு. மோவாயோரம் மெல்லிய முடி. பின் கழுத்துக்குக் கீழே ஒரு மேடு. ஆனால் வளையல் போட்ட கை பழைய கைதான். குச்சி. சதை போட்டவளுக்குக் கையிலும் போட வேண்டாமா? என் தொழிலில் இருக்கிறவர்கள் அந்த முகத்தை ரயிலில் எதிரே உட்கார்ந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பெயரே நிலா முகம்தான்.

மாப்பிள்ளையின் அம்மா திரைக்குள் எட்டிப் பார்த்து, "லட்சணமா கீறா உங்க பொண்ணு" என்றார்.

என் மகள் நித்யா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இங்கேயே பிறந்தவள், பதினேழு வயது. அண்ணி அவளையும் விடவில்லை. "இன்னாடி இப்டி எலும்பா கீற? ஒனக்கும் ஒரு அட்டை மாத்திரை அனுப்பட்டா?"

நித்யாவுக்கு 'கீற' என்றால் கிழிப்பது. எதைக் கிழித்தேன் என்று என்னைப் பார்த்தாள். 'இருக்கிற' என்று நான் அர்த்தம் சொன்னேன். அவள் முகம் மாறாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் ரேவதியை விட்டு நகரமாட்டாள். அன்றைக்கு ரேவதிக்கு வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது, "அவங்களுக்கு எப்பவும் உடம்பும் கல்யாணமும்தான்மா" என்றாள். 'அவங்க.' நான் அதைத் திருத்தவில்லை.

5

மறுநாள் ரேவதியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"என்ன மாத்திரை சாப்பிடற?"

"வைட்டமின்தான் அத்தை."

"படம் எடுத்து அனுப்பு."

அனுப்பினாள். அட்டையைக் கத்தரித்துத்தான் கொடுத்திருந்தார்கள். பெயர் அச்சிட்ட பக்கம் கடையிலேயே தங்கிவிடும், பெயர் இல்லாத பக்கம் தாளில் மடித்து வீட்டுக்கு வரும். ஆனால் ஒரு துண்டில் பெயரின் வால் மிச்சம் இருந்தது. எனக்கு அது போதும். ஒன்று பசியைக் கிளப்பும் அலர்ஜி மாத்திரை. இன்னொன்று டெக்ஸாமெத்தசோன். உயிர் போகிற அவசரத்துக்கு உயிரைப் பிடித்து நிறுத்தும் மருந்து. அதைக் காலை ஒன்று இரவு ஒன்று என்று மாதக்கணக்கில் தின்னக் கொடுத்திருந்தார்கள், கன்னத்துக்காக.

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். நம் உடம்பே தினமும் கொஞ்சம் ஸ்டீராய்டு சுரக்கிறது. வெளியிலிருந்து நிறைய வந்தால், தன் வேலையை வேறு யாரோ செய்கிறார்கள் என்று சுரப்பி தூங்கிப்போகும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அது உடனே எழுந்திருக்காது. அதனால் நிறுத்தாதே, வேலூரில் ஒரு நல்ல டாக்டரைப் பார், அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. எம்.எஸ்சி. படித்தவள், ஒரே தடவையில் புரிந்துகொண்டாள்.

"குறைச்சா கன்னம் போய்டுமா அத்தை?" என்று கேட்டாள்.

"போகும்."

"அப்ப கல்யாணத்துக்கு அப்புறம் பார்க்கலாம்."

அண்ணனிடம் பேசினேன். அவர் பாதி கேட்டார். அண்ணி ஃபோனை வாங்கிக்கொண்டார். "வேலூர் ஆஸ்பத்திரி வரிசையில நம்ம ஊர்க்காரங்க பத்து பேர் நிப்பாங்க. கல்யாணப் பொண்ணு அங்க இன்னாத்துக்கு வந்தான்னு கேப்பாங்க. நீ அங்க குந்திக்கினு ஈஸியா சொல்ற. ஸ்டீராய்டுன்றது ஜிம்முக்குப் போற பசங்க போடறது. எங்களுக்குத் தெரியாதா?"

நேரில் போனால் இழுத்துக்கொண்டாவது போயிருக்கலாம். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. படத்தில் காது சரியாகத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காது தெரிய வேறு படம் எடுத்தால், பின்னணி போதிய வெள்ளையாக இல்லை. அலுவலகத்துக்கு ஃபோன் செய்தால் ஒரு பாட்டு ஓடும், பாட்டு முடிந்தால் லைன் அறுந்துவிடும். கல்யாணத்துக்குள் பாஸ்போர்ட் வராது என்று தெரிந்துபோயிற்று.

6

மாத்திரை கொடுத்தது யார் என்று ரேவதி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தனசேகர். வேலூரில் என் கூடப் படித்தவன். எங்கள் வகுப்பில் மருந்தியலில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. படிக்காதவன் கொடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அவனுக்கு ஃபோன் போட்டேன். குரல் கேட்டதும் மகிழ்ச்சியாகத்தான் பேசினான். விஷயத்தைச் சொன்னதும் மறுக்கவில்லை.

"உங்க அண்ணன் பொண்ணுன்னு தெரியாது மல்லிகா. தெரிஞ்சிருந்தா வேற ஏதாவது புரோட்டீன் பவுடர் குடுத்திருப்பேன்."

"மத்தவங்க பொண்ணுன்னா பரவாயில்லையா?"

"நான் குடுக்கலன்னா அடுத்த கடைல குடுப்பான். இல்ல, ஃபோன்ல ஆர்டர் போட்டா பையன் பைக்ல கொண்டாந்து குடுப்பான். நீ வெள்ளைக்காரன் ஊர்ல இருக்க. இங்க நிக்கறவனுக்குத்தான் தெரியும். நான் புடிச்சு வாயிலயா ஊத்தறேன்? அவங்களே கேக்கறாங்க."

"சரி. இப்ப நிறுத்தக்கூடாதுன்னு உனக்குத் தெரியும். டாக்டரைப் பார்க்கற வரைக்கும் கொடு. டோஸைக் குறைக்கச் சொல்லி நீயே எடுத்துச் சொல். நீ சொன்னா கேட்பாங்க. அதுக்கப்புறமும் இதே மாதிரி வித்துக்கிட்டிருந்தா டிரக் இன்ஸ்பெக்டருக்கு எழுதுவேன்."

அவன் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது ஃபோனில் கேட்டது. பிறகு, "சரி மல்லிகா, பாத்துக்கறேன்" என்றான்.

பார்த்துக்கொண்டான். அடுத்த முறை அண்ணி கடைக்குப் போனபோது, "உங்க நாத்தனார் கேஸ் போடறன்றாங்க. இனிமே என் கடைக்கு வராதீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டான். ஒரு மாத்திரை தரவில்லை. குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டும் என்ற ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னால் கொடுத்தது என்ன என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சுரப்பி தூங்கிப்போவதைப் பற்றி வகுப்பில் எழுந்து நின்று தப்பில்லாமல் சொன்னவன்.

அண்ணி வேறு கடைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார். கத்தரித்த அட்டைக்குப் பெயர் இல்லை. "அதே மாதிரி வெள்ளையா சின்னதா" என்று கேட்டதற்கு ஒருவன் கால்சியம் கொடுத்திருக்கிறான். என்மேல் இருந்த கோபத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரேவதியும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

7

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரவேற்பு. அங்கே மாலை, இங்கே மதியம். கடையில் கூட்டம். ஃபோன் விடாமல் அதிர்ந்தது. தெரியாத இந்திய எண். ஆலோசனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன்.

"அத்தை, நான் ஷகிலா. ரேவதி கூட லேப்ல வேலை செய்யறேன். அவதான் உங்க நம்பர் குடுத்தா. நாலு நாளா வாந்தி அத்தை. கல்யாண டென்ஷன்னு சொல்லிட்டாங்க. இப்ப எழுந்திரிக்கவே முடியல. கை ஜில்லுனு கீது."

"மாத்திரை?"

"அது நிறுத்தி பத்து நாளாச்சாம். மெடிக்கல்ல குடுக்கலயாம்."

"ஷகிலா, கேட்டுக்கோ. இப்பவே ஆஸ்பத்திரி. ஸ்டீராய்டு சாப்பிட்டு நிறுத்திட்டான்னு முதல் வார்த்தையா சொல்லணும். ஊசி போட்டா பொழைச்சுக்குவா. அண்ணிகிட்ட கொடு ஃபோனை."

அண்ணி வாங்கினார். "இங்க மானம் போய்க்கினு கீது மல்லிகா, அப்புறம் பேசு" என்று ஷகிலாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. ஷகிலா லைனைத் துண்டிக்காமல் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்ததால் கேட்டேன். மண்டபத்தின் மணமகள் அறை. வெளியே ஆர்கெஸ்ட்ரா. உள்ளே மாப்பிள்ளையின் அம்மா குரல், சத்தமில்லாமல், மரியாதையாக.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. கல்யாணப் பொண்ணு நாலு நாளா வாந்தி எடுக்குதுன்னா எங்க சனம் நாலு விதமா பேசும். நாங்க நம்பறோம். அவங்க வாயை மூடணுமில்ல? ஒரு கார்டு வாங்கியாறச் சொல்லிட்டேன். அது இல்லன்னு தெரிஞ்சா போதும், எங்க வண்டிலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போய்டலாம்."

கர்ப்பப் பரிசோதனைக் கார்டு. நான் கத்தினேன். "அது இல்ல! அவளுக்கு பிரஷர் இறங்கிட்டிருக்கு! தூக்கிட்டுப் போங்க!" என் குரல் ஷகிலாவின் கைக்குள்ளிருந்து யாருக்குக் கேட்டிருக்கும்? ஷகிலா சொல்லிப் பார்த்தாள். "நீ யாரும்மா நடுவுல?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. அண்ணன் குரல் ஒரே ஒரு தடவை வந்தது. "பார்த்துட்டாங்கன்னா முடிஞ்சிடும்ல. விடு."

கார்டு வந்தது. எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. இரண்டு பெண்கள் அவளைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாள் வாந்தி எடுத்த உடம்பில் சிறுநீர் ஏது? வரவில்லை. சோடா வாங்கி வந்து குடிக்க வைத்தார்கள். அதையும் வாந்தி எடுத்தாள். மறுபடியும் தண்ணீர். "முயற்சி பண்ணும்மா, முயற்சி பண்ணு" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல். காத்திருந்தார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் கதவைத் தட்டினார்கள். திறந்தால் உதவியாளர் பெண். வரிசை வாசல் வரைக்கும் போய்விட்டது, ஒருவர் சத்தம் போடுகிறார் என்றாள். ஃபோனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்தேன். அந்த எழுபது வயதுக்காரர்தான். எங்கள் ஊரில் கடை நடுவே ஃபோன் பேசமாட்டோம், உங்கள் ஊரில் எப்படியோ என்றார். அவருடைய மாத்திரையை எடுத்து, பெயரைப் பார்த்து, அளவைப் பார்த்து, கையில் கொடுத்தேன்.

காதுக்குள் ஒரு ஆரவாரம். "ஒரு கோடுதான்! ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!" மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கார்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போனாராம், தன் சனங்களுக்குக் காட்ட. மாப்பிள்ளை மேடையில் தனியாக நின்று, வந்தவர்களோடு ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தானாம். குளியலறைத் தரையில் ரேவதிக்கு நினைவு தப்பியதை முதலில் பார்த்தது ஷகிலாதான்.

மாப்பிள்ளை வீட்டு வண்டி யாரையோ அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. ஷகிலாவின் அண்ணன் ஆட்டோவில்தான் கொண்டுபோனார்கள். ஆம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டியூட்டியில் இளம் டாக்டர். ஷகிலா நான் சொன்னபடி முதல் வார்த்தையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் ஃபோனை வாங்கி, "மேடம், எத்தனை மாசம் சாப்பிட்டாங்க? எப்ப நிறுத்தினாங்க?" என்று மட்டும் கேட்டார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, வேலூருக்கு அனுப்பிவைத்தார். அந்த ஊரில் அன்றைக்கு நான் சொன்னதை முழுக்கக் கேட்டவர்கள் அவரும் ஷகிலாவும் மட்டும்தான்.

8

பிழைத்துக்கொண்டாள். கல்யாணம் பிழைக்கவில்லை.

வேலூரில் என்ன சொன்னார்கள் என்பது மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படியோ போய்விட்டது. "மாத்திரை போட்டு ஏத்தி எங்களை ஏமாத்திட்டாங்க" என்றார்கள். கர்ப்பம் என்றால்கூட அவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். மாப்பிள்ளை பிரசாந்த் ஐ.சி.யூ.வில் இருந்தவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். ரோஜாப்பூ படம் போட்டு, 'கெட் வெல் சூன்'. அவ்வளவுதான் அவன் பேசியது. சீக்கிரத்திலேயே திருப்பத்தூர்ப் பக்கம் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். நல்ல உடம்புக்காரியாம்.

நான் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதினேன். பதில் வந்தது. பில் இணைக்கவும். பில் இல்லை, அவன் தருவதில்லை என்று எழுதினேன். மருந்தின் பெயர் தெரியும் அட்டை இணைக்கவும். வெட்டிய அட்டையின் படத்தை அனுப்பினேன். பெயர் தெளிவாக இல்லை என்றார்கள். கடைசியாக, புகார்தாரரின் உள்ளூர் முகவரியும் ஆதார் எண்ணும் கேட்டார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. அண்ணன் முகவரியைப் போட அனுமதி கேட்டேன். "இன்னும் எங்களை எவ்ளோ அசிங்கப்படுத்தணும்?" என்றார்.

நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில், "நான் அவளுக்கு எழுதணும், ஆனா என்ன எழுதறதுன்னு தெரியல" என்றாள். தமிழில் எழுது என்றேன். "அதான் தெரியலன்னு சொல்றேன்" என்றாள்.

9

மார்கழியில்தான் போக முடிந்தது. பாஸ்போர்ட்டில் என் காது இரண்டும் நன்றாகத் தெரிகின்றன.

அண்ணன் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். அண்ணி பேசவில்லை. ஃபோனில் திட்டிய அண்ணியே தேவலை என்று தோன்றியது. ரேவதியின் வயிற்றிலும் தொடையிலும் ஊதா நிறத்தில் வரி வரியாகத் தழும்பு, நகம் கிழித்ததுபோல். முகம் மறுபடியும் ஒட்டிவிட்டது. சுரப்பி இன்னும் முழுக்க விழிக்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறாள். அதைச் சாப்பிடும்போது ஜன்னலைச் சாத்துகிறார்கள். தெருவில் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை, நன்றி எதிர்பார்க்கவும் இல்லை. எப்படி இருக்கிறாய் என்றுதான் கேட்டேன்.

"நீங்க அந்தாளுக்கு ஃபோன் பண்ணாம இருந்திருந்தா அவரு குடுத்துட்டே இருந்திருப்பாரு அத்தை. நான் கல்யாணம் பண்ணிக்கினு போயிருப்பேன்."

"அப்புறம்? அங்க போய் விழுந்திருப்பியே ரேவதி."

"அங்க விழுந்திருந்தா அது அவங்க வீட்டுப் பிரச்சினை" என்றாள். "இங்க எங்கப்பாவோடது."

துணியை உதறி, கிளிப் போட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. சோதனைக்கூடத்தில் ஒரு தோல் தேறவில்லை என்று சொல்லும்போது அவள் குரல் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வேலையும் இப்போது இல்லை. லீவு ஜாஸ்தி என்று ஆர்டர் குறைந்ததைச் சாக்காக வைத்து நிறுத்திவிட்டார்கள்.

10

கிளம்புவதற்கு முன் ஒரு காலை தனசேகர் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவன் எழுந்து நாற்காலி போட்டான். டீ சொன்னான். தலை நரைத்திருந்தது. பெரிய பெண் மருத்துவம் படிக்கிறாள் என்றான்.

"அன்னிக்கு ஏன் அப்படி ஒரேயடியா நிறுத்தின? உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"நீதானே மல்லிகா இன்ஸ்பெக்டருக்கு எழுதுவேன்ன. நான் என் பொழப்பைப் பார்க்க வேணாமா?" என்றான். "எல்லாம் நல்லாதானே ஆச்சு. பொழைச்சுக்கிச்சுல்ல?"

நான் வாய் திறப்பதற்குள் ஒரு அம்மாளும் அவர் மகளும் கடை வாசலில் வந்து நின்றார்கள். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்ட பெண். ஒல்லி. அந்த அம்மாள் தணிந்த குரலில், "அண்ணா, அந்த சத்து மாத்திரை..." என்றார்.

தனசேகர் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்த அம்மாளிடம் திரும்பி, "சாயங்காலம் வாங்கம்மா" என்றான்.

டீயை வைத்துவிட்டு அவர்கள் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாண்ட் சுவரோரம் பிடித்துவிட்டேன். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அது சத்து மாத்திரை இல்லை, முகம் மட்டும்தான் வீங்கும், எங்கள் வீட்டுப் பெண் செத்துப் பிழைத்தாள். அந்த அம்மாள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். நல்ல மனுஷி, கண்கூடக் கலங்கியது.

"நீங்க டாக்டரம்மாவா?"

"இல்லம்மா, பார்மசிஸ்ட். லண்டன் பக்கம்."

அவர் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஒடம்புக்குக் கெடுதி பண்ணாத மாத்திரை அங்க இருக்குமே. அந்தப் பேரை எழுதிக் குடுங்கம்மா, புண்ணியமாப் போவும்."

அப்படி ஒன்று எந்த ஊரிலும் இல்லை என்றேன். அவர் கை மெதுவாக என் கையிலிருந்து விலகியது. ஃபாரின்காரி தனக்குத் தெரிந்ததைச் சொல்ல மனசில்லாமல் மறைக்கிறாள் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

அதுவரை பேசாமல் இருந்த மகள் அம்மாவின் தோளைத் தொட்டாள். "விடும்மா. தை மாசம் பொண்ணு பாக்க வராங்க, இன்னும் கொஞ்ச நாள்தான் கீது" என்றாள். "வா, அவரு சாயங்காலம் வரச் சொன்னாருல்ல."